ஆட்சியும் ஆவணமும்: காளத்திக்கும் வேங்கடத்துக்கும் இடையே ஓர் எல்லை வழக்கு

நிலத்துக்கு உரியவர் யார் என்னும் வினா, ஏர் தோன்றிய அன்றே தோன்றிய வினா. வரப்புத் தகராறு இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது. அண்ணன் தம்பியரை அயலாராக்கியதும், இரண்டு தலைமுறையை நீதிமன்ற வாயிலில் நிற்க வைத்ததும் பல குடும்பங்களில் ஒரு முழ அகல வரப்பே ஆகும். ஆயினும் நாம் இப்பொருளை வழக்கறிஞர் கையில் ஒப்படைத்துவிட்டுக் காவியங்களைப் புலவர் கையில் ஒப்படைத்துவிடுகிறோம். ஒன்றற்கு மற்றொன்று புறம்பு என்பது நம் எண்ணம். பெரிய புராணம் இயற்றிய சேக்கிழார் பெருமான் அவ்வாறு எண்ணியவர் அல்லர். சோழப் பேரரசில் அமைச்சராய் விளங்கியவர் அவர் என்பது மரபு. மன்றத்தின் நடைமுறை அவருக்குக் கைவந்த பொருள். ஓர் உடைமை எவ்வெவற்றால் மெய்ப்பிக்கப்படும் என்பதைக் காவியத்துக்குள்ளேயே ஒரு வழக்காக நடத்திக் காட்டியவர் அவர்.

அவர் தரும் அளவுகோலைக் கொண்டு இரண்டு வழக்குகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, ஊரை விட்டு வெளியேறிய குடும்பங்களை இன்றும் வருத்திவரும் அனுபவ பாத்தியதை வழக்கு. பிறர் நிலத்தை நெடுங்காலம் தடையின்றி ஆண்டவருக்கே அந்நிலம் உரியதாகும் என்னும் சட்டத்தைப் பற்றியது. மற்றொன்று, தமிழினம் வாதியாய் நின்ற வேங்கட எல்லை வழக்கு. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுதற்கு ஏற்ற ஊர் ஒன்று உண்டு. அஃது ஏர்பேடு.

இரு மலைகளுக்கு இடையே

திருப்பதியிலிருந்து திருக்காளத்திக்குச் செல்வோர் ரேணிகுண்டாவைக் கடந்ததும் ஏர்பேட்டை அடைவர். மேற்கே திருமால் குன்றாகிய வேங்கடம். வடகிழக்கே கண்ணப்பர் தொழுத காளத்தி மலை. இடையே, பொன்முகலி என்று நம் புலவர் பாடிய சுவர்ணமுகி ஆற்றின் நிலம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் வந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்துக்கு உரியதாயிற்று. 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மண் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இந்த ஏர்பேடு மண்டலத்துக்குள்ளேதான் குடிமல்லம் இருக்கிறது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம் இந்தியாவின் மிகப் பழைய இலிங்க வடிவங்களுள் ஒன்று. அதன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், கிறித்துவுக்கு முற்பட்டது என்று கொள்வோர் பலர். கோயிலில் பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. விக்கிரம சோழன் காலத்தில், 1126இல், கோயில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. அக்கல்வெட்டுகள் ஊரைத் திருவிப்பிரம்பேடு என்று குறிக்கின்றன. பேடு என்று முடியும் ஊர்ப்பெயர் தொண்டை மண்டலத்துக்குப் புதிதன்று. சென்னையின் கோயம்பேட்டை அறியாத தமிழர் இலர். ஏர்பேடும் அந்தச் சுற்றத்தைச் சேர்ந்த பெயரே.

பழங்காலத்தார் நில எல்லையை வகுத்த முறை கருதத்தக்கது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செப்பேட்டில், பெண் யானையை எல்லை சூழ நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை வகுத்த செய்தி விரிவாகக் கூறப்படுகிறது. ஊரார் அனைவரும் காண யானை நடந்தது. கண்டதைச் செப்பேட்டில் எழுதினர். எழுதியபடி நிலம் ஆளப்பட்டது. கண்டவர் சாட்சி, எழுதிய ஏடு, ஆளும் வழக்கம் ஆகிய மூன்றும் ஒரே சடங்கில் ஒன்றுபட்டன. எல்லைத் தகராறு என்பது பின்னாளில் இம்மூன்றும் தம்முள் பிரிந்து நிற்கும்போது பிறப்பதே என்று கூறலாம்.

வெண்ணெய்நல்லூர் மன்றத்தில்

இம்மூன்றனையும் வரிசைப்படுத்திக் காட்டுவது தடுத்தாட்கொண்ட புராணம். புத்தூரில் சுந்தரர் மணப்பந்தரில் இருக்கையில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று வழக்கிடுகிறார். அவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பற்றிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. சபையார் முதியவரை நோக்கி, உம் கூற்றை ஆட்சியினாலோ ஆவணத்தினாலோ அயலார் காட்சியினாலோ மெய்ப்பித்தல் வேண்டும் என்கின்றனர். கிழிபட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது என்று முதியவர் விடையிறுக்கிறார். அதற்கு ஊறு நேராது என்று சபையார் உறுதி கூறிய பின்னரே அதனை வெளியே எடுக்கிறார். கரணத்தான் அதை வாங்கிப் படிக்கிறான். சாட்சியர் கையெழுத்து ஆராயப்படுகிறது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு எழுத்து ஒப்பிடப்படுகிறது. இரண்டும் ஒத்திருத்தலின் தீர்ப்பு முதியவர் பக்கம் முடிகிறது.

இப்பகுதி சோழர் கால நீதிமுறையைக் காட்டும் சான்று என்று பலரும் எடுத்துரைத்திருக்கின்றனர். பெரிய புராணத்துக்குப் பேருரை கண்ட சி.கே. சுப்பிரமணிய முதலியார் கோவையில் வழக்கறிஞராய் இருந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆனால் இதனைச் சான்று என்ற அளவில் நிறுத்திவிட்டால் காவியத்தின் உயிரை விட்டுவிடுவோம். சேக்கிழார் மூன்று சான்றுகளைக் கூறுகையில் ஆட்சியை முதலில் வைக்கிறார். ஆட்சியாவது, ஒரு பொருளைத் தனதாகக் கொண்டு இடையறாது துய்த்து வருதல். முதியவரிடம் இல்லாதது அது ஒன்றே. பாட்டன் காலத்துக்குப் பின் அவர் அடிமையைக் கொண்டு ஒருநாளும் பணி கொண்டதில்லை. பிள்ளையோ நரசிங்கமுனையரையர் என்னும் அரசரால் மகன்மை கொண்டு வளர்க்கப்பட்டவன். முதியவர் வந்ததோ அவனது திருமண நாளில்.

இன்றைய நீதிமன்றத்தில் இறைவனே வாதியாய் வந்து நின்றாலும் இவ்வழக்கு நிலைக்காது. இரண்டு தலைமுறை வாளாவிருந்தவர் உரிமையை இழந்தவர் என்றே நீதிபதி கூறுவார். சேக்கிழார் இதனை உணராதவர் அல்லர். உணர்ந்தே, ஆட்சியில்லாத வாதிக்கு வன்மையானதோர் ஆவணத்தைக் கொடுக்கிறார். தீர்ப்புக்குப் பின் சபையார் மேலும் ஒரு வினா எழுப்புகின்றனர்: நீர் இவ்வூரினர் ஆயின் உமது பழமனை எங்கே? முதியவர் அவர்களை அழைத்துச் சென்று அருட்டுறைக் கோயிலுள் மறைகிறார். ஆவணத்தால் வென்றவரிடமும், நீர் இங்கே வாழ்ந்ததுண்டா என்று கேட்பவர்கள் அச்சபையார். ஓலை மெய்யென்று ஒப்பிய பின்னும் அவர்கள் மனம் குடியிருப்பைத் தேடுகிறது. ஆவணம் வழக்கை முடிக்கிறது, ஐயத்தை முடிக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுச் சட்டம்

நம் காலத்துச் சட்டம் ஆட்சிக்கு மிகுந்த மதிப்பளிக்கிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, தனியார் நிலத்தை வேறொருவர் தமக்குரியதாகக் கொண்டு 12 ஆண்டு எதிரிடையாக அனுபவித்துவரின், உரியவர் வழக்கிட்டு நிலத்தை மீட்க இயலாது. அரசு நிலமாயின் 30 ஆண்டு. காலம் கடந்தபின் வழக்கிடும் வாய்ப்பு மட்டுமன்றி உரிமையே அழிந்துபடும் என்று அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் நிலத்தில் கால் வைத்திருந்தால் மட்டும் போதாது. அனுபவம் இடையறாததாகவும், யாவரும் அறிய வெளிப்படையானதாகவும், உரியவர் உணர்ந்துகொள்ளத்தக்க பரப்பினதாகவும் இருத்தல் வேண்டும் என்று 1934இல் பிரிவி கவுன்சில் வரையறுத்தது. உரியவரின் இசைவோடு இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் எதிரிடை அனுபவக்காரர் ஆகார். குத்தகைக்கு உழுபவரும், பார்த்துக்கொள் என்று விட்டுவந்த உறவினரும் இசைவின் பேரில் இருப்பவர்களே. உடன்பங்காளி ஒருவர் தனியே உழுது மகசூல் எடுப்பதனால் மட்டும் ஏனைய பங்காளிகளின் பங்கு அழியாது. அவர்களை விலக்கித் தனக்கே முழு உரிமை என்று வெளிப்பட நின்றால்தான் காலக்கணக்கு தொடங்கும்.

இச்சட்டம் நேர்மையானதா என்னும் கேள்வியை நீதிமன்றங்களே எழுப்பியுள்ளன. 2008இல் உச்ச நீதிமன்றம், அத்துமீறியவனுக்குப் பரிசளிப்பது போன்ற இச்சட்டத்தை அரசு மறுபடி ஆராய வேண்டும் என்று கடுமையாகக் கூறியது. 2019இல் மூன்று நீதிபதிகள் அமர்ந்த அமர்வு, இவ்வாறு முதிர்ந்த உரிமையைக் கொண்டு பிரதிவாதியாய் நின்று காத்துக்கொள்வதோடு வாதியாகவும் வழக்கிடலாம் என்று தீர்ப்பளித்தது. 2023இல் சட்ட ஆணையம் தன் 280ஆம் அறிக்கையில் சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று முடித்தது. இன்றும் சட்டம் அவ்வாறே நிற்கிறது.

ஊரை விட்டு வந்தவர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். பட்டா பாட்டனார் பெயரில் இருக்கிறது. அடங்கலில் வேறொருவர் பெயர் ஏறியிருக்கிறது. எல்லைக்கல் இருந்த இடத்தில் இப்போது வேலி இருக்கிறது. பிழைப்புக்காக வெளியேறியது குற்றமா என்று அவர் கேட்கிறார். சட்டத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பல்லாண்டு அந்நிலத்தில் கிணறு தோண்டி, மேடு திருத்தி, வெயிலில் நின்றவனும் மனிதனே. அவனைக் கேட்டால், நிலம் யாருடைய வியர்வையை அறியும் என்பான். இருவர் சொல்லும் பொய்யன்று என்பதே இவ்வழக்கின் துன்பம்.

காளத்தி மலையில் நடந்தது

இத்துன்பத்தைச் சேக்கிழார் வேறோரிடத்தில் வேறொரு வடிவில் எடுத்துக் காட்டியிருக்கிறார் என்பது என் கருத்து. அஃது ஏர்பேட்டுக்கு அருகிலேயே உள்ள காளத்தியில் நிகழ்கிறது. அங்கே சிவகோசரியார் ஆகம முறைப்படி நாள்தோறும் வழிபடுபவர். நெறியும் நூலும் அவர் பக்கம். உடுப்பூர் வேட்டுவர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் அங்கே வருகிறான். அவன் கையில் ஆவணம் எதுவும் இல்லை. முன்பொருநாள் நாகனுடன் வேட்டைக்கு வந்தபோது அந்தணர் ஒருவர் நீராட்டி மலரிட்டு உணவு படைத்ததைக் கண்டதாக நாணன் சொல்கிறான். அச்சொல் ஒன்றே திண்ணனுக்கு வழிகாட்டி. எனவே மற்றொருவர் அங்கே முன்னமே வழிபட்டு வருகிறார் என்பதை அவன் அறிவான்.

பின்னர் நடப்பதை வரப்பு வழக்கு கண்ட எந்த உழவனும் உடனே அடையாளம் காண்பான். திண்ணன் வேட்டைக்குச் சென்ற பொழுதில் சிவகோசரியார் வருகிறார். இறைச்சியைக் கண்டு நடுங்கி, அதனை அகற்றித் தூய்மை செய்து தம் மலரைச் சூட்டுகிறார். அவர் சென்றபின் திண்ணன் வருகிறான். அந்த மலரைக் காற்செருப்பால் நீக்கித் தன் தலையில் சுமந்த மலரை இடுகிறான். இவன் இல்லாதபோது அவர் கல்லைப் பிடுங்குகிறார். அவர் இல்லாதபோது இவன் பிடுங்குகிறான். ஒருவரையொருவர் காணாமலே நாள்தோறும் ஒரே எல்லையை மாற்றி மாற்றி நடுகின்றனர். அத்துமீறல் என்று முறையிட்டவர் சிவகோசரியார். நூல் முறையில் பார்த்தால் அவர் முறையீடு சரியே.

இறைவன் அதற்குத் தந்த விடையோ ஆவண ஆராய்ச்சி அன்று. மறைந்து நின்று பார் என்பதே அவ்விடை. அதாவது காட்சி. ஆறாம் நாள் குருதி சொரியும் கண்ணுக்குத் தன் கண்ணை இடந்து அப்பும் திண்ணனைச் சிவகோசரியார் கண்ணெதிரே காண்கிறார். வெண்ணெய்நல்லூரில் ஆட்சியின்றி ஆவணத்தால் தீர்ந்த வழக்கு ஒன்று. காளத்தியில் ஆவணமின்றி ஆட்சியாலும் காட்சியாலும் தீர்ந்த வழக்கு ஒன்று. ஒரே புலவர் மூன்று சான்றுகளையும் இரண்டு வழக்குகளில் பகிர்ந்தளித்திருக்கிறார். இவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் சேக்கிழாரின் நீதி முழுமையாகப் புலப்படும்.

ஆயினும் திண்ணனை எதிரிடை அனுபவக்காரன் என்று கூறிவிட முடியாது. இது எனக்குரியது, உனக்கன்று என்னும் எண்ணம் அச்சட்டத்தின் அடிப்படை. திண்ணன் எண்ணம் அதற்கு நேர்மாறானது. இவர் தனியே இருக்கிறாரே, நான் இவருக்குரியவன் என்பதே அவன் உள்ளம். தனக்கு உடைமை தேடாமல் தன்னையே உடைமையாக்கியவன் அவன். இவ்வகையில் அவனும் சுந்தரரும் ஓரிடத்தில் வந்து நிற்கின்றனர். ஒருவர் ஓலையால் அடிமையானார்; மற்றவர் அன்பால் அடிமையானார். சிவகோசரியாரும் மலையை விட்டு வெளியேற்றப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மன்றத்து வழக்கில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். காளத்தி வழக்கில் தோற்றவர் என்று எவருமில்லை.

வேங்கடம் ஆவணமாக வாதாடப்பட்டபோது

இந்த அளவுகோலோடு இரண்டாம் வழக்குக்கு வருவோம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வேங்கடத்தை வடக்கிலும் குமரியைத் தெற்கிலும் வைத்துத் தமிழ் பேசும் உலகை எல்லைப்படுத்தினார். இளங்கோவடிகளும் திருமால் குன்றையும் குமரிக் கடலையும் எல்லையாகக் கூறினார். மொழிவழி மாநிலக் கிளர்ச்சி எழுந்த காலத்தில், இவ்விரு சான்றுகளும் ஏட்டுச் சுவடியிலிருந்து பொதுமேடைக்கு வந்தன. சிலம்புச் செல்வர் ம.பொ. சிவஞானம் தமிழரசுக் கழகத்தின் வழியாக வேங்கடத்தை விடமாட்டோம் என்று முழங்கினார். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. திருத்தணியில் கே. விநாயகம் முதலானோரும், அப்பகுதியில் தமிழாசிரியராய் இருந்து தமிழ் வளர்த்த மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டத்தில் நின்றனர். பலர் சிறை சென்றனர்.

நடுவராக வந்த எச்.வி. பட்டாஸ்கர் பழைய பாயிரத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கவில்லை. சிற்றூரை அலகாகக் கொண்டு, அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எது, அவ்வூர் எந்த நிலப்பரப்போடு தொடர்ந்து கிடக்கிறது என்று பார்த்தார். அதன்படி 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டமும், சித்தூர், புத்தூர் வட்டங்களின் சில ஊர்களும் சென்னை மாநிலத்தை அடைந்தன. பொன்னேரி, திருவள்ளூர், ஓசூர்ப் பகுதிகளின் சில ஊர்கள் ஆந்திரத்தை அடைந்தன. திருப்பதியும் காளத்தியும் ஏர்பேடும் ஆந்திரத்திலேயே நின்றன.

சேக்கிழார் சொல்லில் கூறுவதாயின், நாம் ஆவணத்தை எடுத்து நீட்டினோம். நடுவர் ஆட்சியைக் கேட்டார். திருத்தணி வந்தது பாயிரத்தால் அன்று. அங்கே தமிழ் பேசி வாழ்ந்த குடிகளாலும், அம்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த மங்கலங்கிழார் போன்ற ஆசிரியர்களாலும் வந்தது. ம.பொ.சி.யின் தொண்டை இதனால் குறைத்துக் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அவர் இல்லையேல் அந்த ஆட்சியும் மன்றம் ஏறியிராது. ஆயின் இலக்கியத்தை நிலப்பட்டாவாகப் படிக்கும் ஒரு பழக்கம் அக்காலத்தில் நம்மிடம் வேரூன்றியது. மேடைக்கு அது வலிமை தந்தது. இலக்கியப் படிப்புக்கு ஒரு குறையைத் தந்தது. அக்குறையை இங்கே எடுத்துரைத்தல் கடன்.

பாயிரம் யாருடைய நிலம் என்று கூறவில்லை. அரசன் பெயரோ குடியின் பெயரோ அங்கே எல்லையோடு சேர்த்து வைக்கப்படவில்லை. எந்த மொழி வழங்குகிறது என்பதையே அது கூறுகிறது. இலக்கண நூலுக்குரிய வழக்கைத் திரட்டுதற்கு ஆசிரியர் எங்கே காது கொடுத்தார் என்பதற்கான குறிப்பு அது. எனவே பாயிரமே ஆட்சியைச் சான்றாகக் கொண்ட ஏடு. பேச்சு வழங்குமிடம் எல்லை என்று அது கூறுகிறதேயன்றி, எல்லைக்குள் பேச்சு எப்போதும் வழங்கும் என்று உறுதி தரவில்லை. நாம் அதனை மாற்றிப் படித்தோம்.

எல்லையைக் கடந்தவன்

வேங்கடத்தைச் சங்கப் புலவர் எங்கே பாடினர் என்று பார்த்தால் மற்றோர் உண்மை புலப்படும். அகநானூற்றில் மாமூலனார் முதலியோர் வேங்கடத்தைக் குறிப்பது போர்ப் பாட்டில் அன்று, பாலைப் பாட்டில். புல்லி என்பானுக்குரிய வேங்கட மலையைக் கடந்து, மொழி வேறுபட்ட நாட்டுக்குப் பொருள் தேடிச் சென்றான் தலைவன். அவனை நினைந்து வீட்டில் இருப்பவள் வாய்ச்சொல்லாகவோ, அவளைத் தேற்றும் தோழி வாய்ச்சொல்லாகவோ வேங்கடம் வருகிறது. அஃதாவது, அவ்வெல்லையை வகுத்தவர் அதனைக் காத்து நின்ற காவலர் அல்லர். அதனைக் கடந்து போனவனும், போனவனை எண்ணி வருந்தியவளுமே அதனை வகுத்தனர்.

இதனை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். உள்ளேயே இருப்பவனுக்கு எல்லை தெரியாது. வேற்று மொழி முதன்முதலில் காதில் விழுந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்ப்பவனுக்கே அது தெரியும். வேங்கடத்தை நம் இலக்கியத்தில் நிலைநிறுத்தியவன் புலம்பெயர்ந்தவனே. பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு அம்மலை மீது உள்ள உரிமை, மேடை முழக்கத்தால் வந்த உரிமையன்று; இரண்டாயிரம் ஆண்டாகப் பாலைத்திணை அவர்களுக்காக எழுதி வைத்திருக்கும் உரிமை.

இருவர்க்கும் உரியது

நிலச்சட்டத்தில் ஒருவர் ஆட்சி முதிர்ந்தால் மற்றவர் உரிமை அழியும். மொழியின் உலகிலும் கலையின் உலகிலும் அவ்வாறு நேர்வதில்லை. கண்ணப்பரைத் தெலுங்கர் தின்னடு என்று அன்போடு அழைக்கின்றனர். காளத்தி இறைவன்மேல் தூர்ஜடி தெலுங்கில் சதகம் பாடினார். நம் சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் அத்தலத்தைத் தமிழில் பாடினர். தெலுங்கர் கண்ணப்பரைக் கொண்டாடியதால் சேக்கிழார் பாட்டில் ஓர் எழுத்தும் தேயவில்லை. வேங்கடத்தில் ஆழ்வார்களும் பாடினர். பின்னர் அன்னமாச்சாரியரும் பாடினார். மார்கழி மாதம் முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை இன்றும் ஒலிக்கிறது. மலை அரசியல் எல்லைக்கு அப்பால் சென்றது. மார்கழி விடியலின் தமிழ் அங்கேயே இருக்கிறது. எந்த ஆணையமும் வழங்காத, எந்த நடுவரும் பறிக்காத ஆட்சி அது. நாள் தவறாமல் வழங்கிவருதலால் நிலைபெற்ற ஆட்சி.

ஏர்பேட்டிலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. கேரளத்தில் பிறந்த துறவி ஒருவர் 1926இல் அங்கே வியாசாசிரமம் நிறுவினார். பிறந்த நாட்டின் பெயராலேயே மலையாள சுவாமி என்று மக்கள் அவரை அழைத்தனர். அவர் தெலுங்கில் எழுதி, தெலுங்கு மக்களுக்கு, சாதி பாராது, வேதாந்தம் கற்பித்தார். வந்தேறி என்று அந்த ஊர் அவரைத் தள்ளவில்லை. அவரும் தம் பிறந்த நாட்டுப் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஊர் வேற்றார் ஒருவரைத் தன்னவராக ஏற்றுக்கொள்வதற்கு ஆவணம் தேவைப்படுவதில்லை என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. இன்று அம்மண்டலத்தில் ஐ.ஐ.டி.யும் ஐசர் நிறுவனமும் எழுந்து, இந்தியாவின் பல மொழி பேசும் இளைஞரை அங்கே கொண்டு சேர்க்கின்றன. குடிமல்லத்துக் கல்வெட்டுக்கு அருகே பன்மொழிப் பேச்சு கேட்கிறது.

ஊரில் உள்ள நிலத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்க. ஆண்டுக்கொருமுறையேனும் அடங்கலையும் எல்லைக்கல்லையும் பார்த்து வருக. உறவினரிடம் விட்ட நிலமாயின் அவ்விசைவை எழுத்தில் வைத்துக்கொள்க. அதற்குச் சட்டம் 12 ஆண்டு தவணை தந்திருக்கிறது. ஆனால் வேற்றூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளின் நாவில் உள்ள தமிழுக்கு அத்தனை நீண்ட தவணை இல்லை. வீட்டில் பேசாத மொழி ஒரே தலைமுறையில் காலாவதியாகிவிடும். அப்போது தொல்காப்பியமும் சிலம்பும் பெரிய புராணமும் நம் அலமாரியில் மூல ஓலையாக இருக்கும். எழுத்து ஒத்திருக்கும், கையொப்பம் ஒத்திருக்கும். வெண்ணெய்நல்லூர்ச் சபையார் அவ்வளவோடு நிற்கவில்லை. உமது மனை எங்கே என்று கேட்டனர். அக்கேள்வி நம்மிடமும் கேட்கப்படும். உண்ணும்போதும் உறங்கச் செல்லும்போதும் தமிழ் ஒலிக்கும் ஒரு வீட்டை நாம் காட்டக்கூடுமாயின் வேறு சான்று வேண்டா.